சத்தியம், சபதம், உறுதிமொழி: பொய்த்தால் யார் தலையில் விடியும்?

டெல்லியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் தடுமாற்றமே இரண்டு காகிதங்களின் பெயரில்தான் வரும். தமிழ்ச் செய்தித்தாளில் 'பிரமாணப் பத்திரம்' என்றால், சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட்ட அஃபிடவிட். இங்கே கவுன்டரில் 'பிரமாண் பத்ர்' என்றால் சான்றிதழ். அஃபிடவிட்டுக்கு இந்தியில் 'ஷபத் பத்ர்'. ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, வாடகை வீட்டு முகவரிக்கு எதுக்கு சபதம் எழுதிக் கேக்குறாங்க? நான் யார் மேலயும் பழி வாங்கப் போறதில்லையே."

அவர் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. ஷபத், சபதம் இரண்டும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். இந்தியில் அது அமைச்சர் பதவியேற்பது முதல் நோட்டரி முத்திரை வரை எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். தமிழில் சபதம் என்றதும் அவிழ்ந்த கூந்தலும் சிவந்த கண்ணும்தான் நினைவுக்கு வரும். பிரமாணம் இந்தியில் சான்று, தமிழில் ஆணைமொழி. சத்தியம் அங்கே உண்மை மட்டும். இங்கே உண்மை, அதைச் சொல்லி இடும் ஆணை, இரண்டுமே. 'ஆணை' என்ற சொல் அரசன் இடும் கட்டளையையும் குறிக்கும், கடவுள்மேல் இடும் உறுதியையும் குறிக்கும். டெல்லித் தமிழர் இந்த இரண்டு சொற்குடும்பங்களோடும் ஒரே நாளில் புழங்குகிறோம். காலையில் அலுவலகத்தில் ஷபத் பத்ர், மாலையில் வீட்டில் பிள்ளையிடம் "சத்தியமா நீ எடுக்கலையா?"

அகராதியில் பொருள் பார்த்தால் இவை எல்லாமே 'உறுதி கூறல்' என்ற ஒரே இடத்தில் போய் நிற்கும். பிரித்தறிய எனக்குக் கைகொடுத்தது வேறொரு கேள்வி. சொன்ன சொல் பொய்த்தால் அதன் விலையை யார் கொடுப்பது? சொன்னவனா, அவன் அம்மாவா, பிள்ளையா, கடவுளிடம் பட்ட கடனா, அல்லது யாருமே இல்லையா? ஒவ்வொரு சொல்லுக்கும் இதற்குத் தனித்தனிப் பதில் இருக்கிறது.

வீட்டுக்குள் புழங்கும் சத்தியத்தைப் பாருங்கள். "அம்மா மேல சத்தியமா", "எம் பிள்ளை மேல ஆணையா". சண்டை முற்றினால் சூடத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம். அதற்கும் மேலே போனால் பிள்ளையைக் கிடத்தித் தாண்டுவது. எல்லாவற்றிலும் பணயம் வைக்கப்படுவது பேசுகிறவர் அல்ல. அவருக்கு நெருங்கிய இன்னொருவர். பெற்ற பிள்ளைக்குக் கேடு வரட்டும் என்று எவளும் பொய் சொல்லமாட்டாள் என்பதுதான் இதன் பலம். தாண்டச் சொல்லிக் கேட்கிறவருக்கு இது தெரியும். அதனால்தான் கேட்கிறார்.

மயூர் விகாரிலும் முனிர்காவிலும் வளரும் நம் பிள்ளைகள் இதையே 'மதர் பிராமிஸ்' என்றும், 'மம்மி கீ கசம்' என்றும் சொல்கிறார்கள். மொழி மாறினாலும் பணயம் மாறவில்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும் என்று நான் உறுதியாகவே சொல்வேன். பயந்து பொய் சொன்ன பிள்ளை, அப்பாவுக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தால் தன்னால்தான் வந்தது என்று நம்பும். அந்தப் பாரத்தை அது யாரிடமும் சொல்லாது.

பழந்தமிழில் காதலன் சொல்லும் இப்படிப்பட்ட உறுதிக்குச் சூள் என்று பெயர். குறுந்தொகையின் 87ஆம் பாட்டில், கபிலர் பாடியது, ஊர் மன்றத்து மரா மரத்தில் உறையும் அச்சம் தரும் கடவுள் கொடியவரை வருத்தும் என்று சொல்கிறார்கள் என ஒரு தலைவி தொடங்குகிறாள். பிரியமாட்டேன் என்று அந்தக் கடவுள்முன் சூளுரைத்தவன் பிரிந்து போய்விட்டான் என்பது பின்னணி. நியாயப்படி கடவுள் அவனைத் தண்டிக்கவேண்டும். அவளோ, அவர் கொடியவரே அல்லர், என் நெற்றி பசந்தது நான் அவரை விரும்பியதால், தோள் மெலிந்தது என் நெஞ்சு நெகிழ்ந்ததால் என்று அவனுக்காக வாதாடுகிறாள். சூளில் பணயம் சொன்னவனே. அவன் தப்பவேண்டும் என்று, ஏமாந்தவள் பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறாள். ஆணையிடும் பேச்சில் இவ்வளவு நுட்பமான மனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

போருக்குப் புறப்படும் அரசனின் சொல்லுக்கு வஞ்சினம் என்று பெயர். தொல்காப்பியம் அதை ஒரே அடியில் வரையறுக்கிறது: 'இன்னது பிழைப்பின் இதுவாகியர்'. இன்னதைச் செய்யத் தவறினால் எனக்கு இன்னது ஆகட்டும் என்று பொருள். சட்டப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த வரையறை. கடமை, தவறினால் தண்டனை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கவேண்டும். தண்டனை சொல்பவனுக்கே வரவேண்டும்.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூற்றின் 72ஆம் பாட்டில் எதைப் பணயம் வைக்கிறான் என்று பாருங்கள். இளையவன் என்று என்னை இகழ்ந்த அரசர்களை வெல்லாவிட்டால், என் நிழலில் வாழும் குடிமக்கள் 'எம் இறைவன் கொடியன்' என்று கண்ணீர்விட்டுப் பழிதூற்றட்டும். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும். என்னிடம் இரப்பவர்க்கு ஈய முடியாத வறுமை எனக்கு வரட்டும். உயிர் போகட்டும் என்று அவன் சொல்லவில்லை. நல்லாட்சி, புகழ், கொடை என்று தன்னை அரசனாக்கும் மூன்றையுமே பந்தயத்தில் வைக்கிறான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கப் புறப்படும் பகுதிக்கும் வஞ்சின மாலை என்றுதான் பெயர். நானும் ஒரு பத்தினியே ஆனால் என்ற நிபந்தனையின்மேல் அவள் தன் கற்பையே வைத்துப் பேசுகிறாள்.

இன்றைய சபதம் இந்த வஞ்சினத்தின் வாரிசு. பாரதியின் பாஞ்சாலி சபதம் முதல் பாகம் 1912ல் வெளிவந்தபிறகு இந்தச் சொல்லோடு பெண்ணின் சினம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்திலிருந்து வெளியேறிய ஜெயலலிதா முதலமைச்சராகத்தான் திரும்புவேன் என்று சொன்னதையும், 1991ல் அப்படியே திரும்பியதையும் தமிழ்நாடு 'சபதம்' என்ற சொல்லால்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதை உறுதிமொழி என்றோ வாக்குறுதி என்றோ எவரும் சொல்வதில்லை. சபதத்துக்கு எதிராளி வேண்டும், அவமானம் வேண்டும், நிறைவேறும்வரை எதையாவது துறந்திருக்கவும் வேண்டும்.

வாக்குறுதிக்கு இவை எதுவும் தேவையில்லை. தேர்தல் அறிக்கையில் இலவச டிவி தருவதாகச் சொன்னது ஊழல் நடவடிக்கையா என்ற தமிழ்நாட்டு வழக்கை 2013ல் இங்கே உச்ச நீதிமன்றம்தான் தீர்த்தது. இப்போதைய தேர்தல் சட்டத்தின்படி அது ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது தீர்ப்பு. நிறைவேற்றாத வாக்குறுதிக்கு விலை கொடுக்கவேண்டியது அடுத்த தேர்தலில்தான், அதுவும் வாக்காளர் மறக்காமல் இருந்தால்.

நேர்த்திக்கடனில் உறுதிமொழி கடனாகவே மாறிவிடுகிறது. காய்ச்சல் இறங்கினால் மொட்டை, வேலை கிடைத்தால் பால்குடம் என்று நேர்ந்துகொள்கிறோம். மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறோம். டெல்லி வீடுகளில் அந்த முடிச்சு சில நேரம் ஆண்டுக்கணக்கில் இருக்கும். குலதெய்வம் இருப்பது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நான்கு டிக்கெட், அதற்குமேல் ஊருக்குள் பஸ், லீவு, கிடாவெட்டு, உறவுக்குச் சாப்பாடு. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் முருகனுக்கே நேர்ந்துகொண்டால் அடுத்த ஞாயிறே கடனை அடைத்துவிடலாம். ஆனால் அய்யனாருக்கோ இசக்கியம்மனுக்கோ நேர்ந்ததை இங்கே கட்ட முடியாது என்று பெரியவர்கள் ஒரே பேச்சாகச் சொல்வார்கள். யாரிடம் வாங்கினாயோ அவரிடம்தான் கட்டவேண்டும் என்பது கடனுக்கு எங்கும் உள்ள விதி. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: நேர்ந்துகொண்டவர் பாட்டி, முடி இறக்குவது பேரன்.

அடுத்தவர் தலையில் விலையை வைப்பது வீட்டோடு நிற்கவில்லை. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த கல்வெட்டுகளின் கடைசி வரியில், இந்தத் தருமத்தை அழித்தவன் கங்கையிலிருந்து குமரிவரை செய்தவர் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்ற சாபம் இருக்கும். பிற்காலக் கல்வெட்டுகளில் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். நீதிமன்றமும் போலீசும் எட்டாத வருங்காலத்துக்கு அன்று கிடைத்த ஒரே காவல் அதுதான்.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வருவோம். இந்த நகரத்தில் தமிழில் சொல்லப்படும் உறுதிமொழிகளில் நாடே பார்ப்பது அங்கே நடப்பதைத்தான். அரசியலமைப்பின் 99ஆவது பிரிவின்படி உறுப்பினர் தம் இருக்கையில் அமருமுன் மூன்றாம் அட்டவணையில் உள்ள வாசகத்தைச் சொல்லிக் கையெழுத்திடவேண்டும். சொல்லாமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ, 104ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். வாசகத்தில் ஒரு இடத்தில் இரண்டு வழிகள் தரப்பட்டிருக்கின்றன: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. பிரிட்டனில் இந்த உரிமைக்காகச் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880ல் வெற்றி பெற்றும் 1886வரை முறையாக அவையில் அமர முடியாமல் போராடவேண்டியிருந்தது. 1888ல்தான் அங்கே அதற்கு முழுமையான சட்டம் வந்தது. நமக்கு அரசியலமைப்போடேயே அது வந்துவிட்டது. திராவிட இயக்கத்தவர் பலர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பதால் 'உளமார' என்ற சொல் தமிழ்க் காதுக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. நான் அந்தச் சொல்லின் பக்கம். கடவுளின் பெயரால் என்னும்போது மீறினால் கேட்கவேண்டியவர் ஒருவர் வெளியே இருக்கிறார். உளமார என்னும்போது சாட்சியும் பணயமும் சொல்பவரே.

அதே அட்டவணையில் தமிழகத்தின் அரசியலுக்கு நேர்ப் பங்குள்ள ஒரு தொடரும் இருக்கிறது. 'இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன்' என்பது 1950ல் அந்த வாசகத்தில் இல்லை. சி.பி. ராமசாமி அய்யர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1963ல் பதினாறாவது திருத்தம் அதைச் சேர்த்தது. பிரிவினைக் கோரிக்கைகளைத் தடுப்பது நோக்கம். அன்று அதில் முன்னால் நின்றது தி.மு.க.வின் திராவிட நாடு கோரிக்கை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா அந்த மசோதாவை அவையில் எதிர்த்துப் பேசினார். அதே ஆண்டு கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தத் திருத்தம் செய்த இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை: வென்றபிறகு மட்டுமல்ல, வேட்புமனு தரும்போதே வேட்பாளர் இந்த உறுதிமொழியை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் போட்டியிடத் தகுதியே இல்லை. அதாவது, ஒரு கருத்தைத் தேர்தல் மேடைக்கு வெளியே நிறுத்த உறுதிமொழி பயன்பட்டது. உறுதிமொழியின் சொற்களை யார் எழுதுகிறார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்கவேண்டியதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு இல்லை.

2019 ஜூனில் தமிழக உறுப்பினர்கள் பலர் தமிழில் உறுதிமொழி எடுத்து 'தமிழ் வாழ்க' என்று முடித்தார்கள். எதிர்வரிசையிலிருந்து பாரத மாதா முழக்கம் எழுந்தது. 2024 ஜூனிலும் பல கட்சியினரும் முழக்கங்களைச் சேர்த்தார்கள். அடுத்த மாதமே மக்களவைத் தலைவர் விதிமுறையைத் திருத்தி, வாசகத்துக்கு முன்னும் பின்னும் வேறு சொல் சேர்க்கக் கூடாது என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. எட்டாவது அட்டவணை மொழி எதிலும் சொல்லலாம் என்ற உரிமை அப்படியே இருக்கிறது. அந்த வாசகத்தை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொல்வதே தமிழுக்குப் பெருமை.

நீதிமன்றத்துக்குப் போனால் சினிமா கற்றுக்கொடுத்ததை முதலில் மறக்கவேண்டும். கீதையின்மேல் கைவைத்துச் சொல்லவேண்டும் என்று நடப்புச் சட்டம் எதிலும் இல்லை. கங்கை நீரின்மீதோ குரானின்மீதோ ஆணையிடக் கட்டாயப்படுத்துவது மக்களின் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருக்கிறது, அதனால் நீதிக்குத் தடை ஏற்படுகிறது என்று சொல்லி, 1840லேயே கம்பெனி அரசு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெறும் உறுதிமொழியே போதும் என்றாக்கியது. 1873ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விந்தையான ஏற்பாடு இருந்தது: எதிர்த்தரப்பு இன்ன முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியத்தின் பேரில் சொன்னதே முடிந்த முடிவான சான்று. இப்போதுள்ள 1969ஆம் ஆண்டு ஆணைமொழிச் சட்டம் அதை விட்டுவிட்டது.

ஆனால் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு ஒரு சிறிய கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சாட்சி விரும்பினால், தம் மக்களிடையே வழக்கமான முறையில் ஆணையிட நீதிபதி அனுமதிக்கலாம். நிபந்தனைகள்: அது நீதிக்கும் நாகரிகத்துக்கும் மாறாக இருக்கக் கூடாது, மூன்றாவது நபர் எவரையும் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையை மறுபடி படியுங்கள். 'அம்மா மேல சத்தியமா', 'பிள்ளை மேல ஆணையா' இரண்டும் அங்கேயே விழுந்துவிடுகின்றன. பிள்ளையைத் தாண்டுவதும் அப்படியே. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, உண்மை பேசவேண்டும் என்று அறிந்திருந்தும் ஆணைமொழியின் தன்மை புரியாத நிலையில் இருந்தால், ஆணைமொழி இல்லாமலே சாட்சி சொல்லலாம் என்றும் சட்டம் இரங்குகிறது.

பொய்த்தால் விலை? நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சிக்குப் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள்வரை சிறை. அஃபிடவிட்டும் ஆணைமொழியின் கீழ் வரும் வாக்குமூலம்தான். பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்துக்கு வெளியே டைப்பிஸ்ட்டின் மேசையில் பத்து ரூபாய் இ-ஸ்டாம்ப் தாள், ஏற்கெனவே அச்சான ஆங்கில வாசகம், பெயரும் முகவரியும் மட்டும் காலி. சிவப்பு முத்திரை விழ ஐந்து நிமிடம். கீழே இரண்டு இடத்தில் கையெழுத்து. முதலாவது வாசகத்துக்கு, இரண்டாவது 'மேலே உள்ளது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, எதையும் மறைக்கவில்லை' என்ற சரிபார்ப்புக்கு. சிக்க வைப்பது இரண்டாவது கையெழுத்துதான். ஆங்கிலம் தெரியாதவருக்கு வாசகத்தை அவர் மொழியில் படித்துக் காட்டியபிறகே கையெழுத்து வாங்கவேண்டும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். டைப்பிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கல்லூரியில் ராகிங் செய்யமாட்டேன் என்று 2009 முதல் மாணவரும் பெற்றோரும் தரும் உறுதிப் பத்திரத்தையும் இப்படியேதான் படிக்கவேண்டும். அதில் பிள்ளைக்காக அப்பாவும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார். பலரும் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

திருமணத்தில் சொல்லே செயலாகிவிடும். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி 'வாக்குக் கொடுத்தாச்சு' என்பது ஊரறிந்த உறுதி. சட்டப்படி அது திருமணம் ஆகாது. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்துக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும். அதற்குப் பெரிய கூட்டமும் பகிரங்க அறிவிப்பும் தேவையில்லை என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்தப் பிரிவு தமிழ்நாட்டுத் திருத்தம் என்பதால், டெல்லியில் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. இங்கே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: முப்பது நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள், திருமண அதிகாரி. 'இன்னாராகிய நான் இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக, கணவனாக ஏற்கிறேன்' என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லாதவரை திருமணம் முழுமையடையாது. எந்த மொழியில் சொல்லவேண்டும் என்பதற்கு 12ஆவது பிரிவு தரும் அளவுகோல், மணமக்கள் இருவருக்கும் அது புரியவேண்டும் என்பதுதான். அதிகாரி அச்சிட்ட இந்தித் தாளையோ ஆங்கிலத் தாளையோ நீட்டினாலும், இருவருக்கும் தமிழ் தெரிந்தால் அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முன்னறிவிப்பு கொடுக்கப் போகும் நாளிலேயே அதிகாரியிடம் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.